நாற்பதாவது ஓட்டம்

என் மேசை மேல் ஒரு தறி நாடா கிடக்கிறது. பள்ளியிலிருந்து கைப்பையில் போட்டு எடுத்து வந்தேன். பஸ்ஸில் சில்லறைக்காகப் பையைத் திறந்தபோதே அந்த வாசனை வந்துவிட்டது. தறி எண்ணெயும் கைவியர்வையும் ஊறிய மரத்தின் வாசனை. வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் இதை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலில் விழும் சாயங்கால வெயிலில் இதன் இரும்பு முனை மட்டும் பளபளக்கிறது.

உனக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் வேலை பார்க்கும் பள்ளி திருச்சுழிப் பக்கம். மானாவாரி வெள்ளாமைக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். இன்று கடைசி பீரியடில் வகுப்பில் இதைக் கையில் எடுத்தபோது ஒருத்தி, "பொம்மைப் படகா டீச்சர்?" என்று கேட்டாள். ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியின் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பாய்கிற கட்டை இது என்றும், மோதி மோதித் தேய்ந்து போகாமல் இருக்க இரண்டு நுனியிலும் இரும்பு வைத்திருப்பார்கள் என்றும் சொன்னேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

இது எப்படி என்னிடம் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வேறொன்று. ஆறு வருடத்துக்கு முன் பந்தல்குடியில் உன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். நான் பொய்யான பதில் சொன்னேன். அதைத் திருத்துவதற்குள் நீ போய்விட்டாய்.

நாம் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நம் வகுப்பறையில் இருந்த அந்த நீள டெஸ்க்குகள் உனக்கு நினைவிருக்கும். ஒன்றுக்கு ஐந்து பேர். இரண்டை முட்டுக்கொடுத்துச் சேர்த்தால் பத்துப் பேர் ஒரே வரிசையில். நம் ஊரில் பிள்ளைகள் கையில் எது கிடைத்தாலும் அதைத் தறியாக்கிவிடுவார்கள். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறென்ன விளையாடத் தெரியும்? அப்பாவின் தறி ஷெட்டில் ஒதுக்கிப் போட்ட நாடா ஒன்றை நான் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். டெஸ்க் மேல் சாக்பீஸ் தூளைத் தேய்த்து வழவழப்பாக்கினோம். ஒரு கடைசியில் நான், மறு கடைசியில் இன்னொருத்தி. நடுவில் இருப்பவர்கள்தான் பாவு நூல், மேலும் கீழும் பிரிந்து நாடாவுக்கு வழிவிடுகிற நூல். ஒற்றை எண்காரிகள் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். இரட்டை எண்காரிகள் கையை டெஸ்க்குக்கு அடியில் இழுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் நாடா சரேலென்று ஓடும். அது திரும்பி வருவதற்குள் கை மாற்ற வேண்டும். "ஒத்த! ரெட்ட! ஒத்த! ரெட்ட!" என்று வகுப்பே கத்தும். யார் கையாவது நாடாவில் பட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

இரண்டு டெஸ்க்குகள் சேரும் இடத்தில் ஒரு இடுக்கு இருந்தது. நாடா அதில் தட்டினால் எகிறும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் நீதான். பழைய நோட்டு அட்டையை மடித்து இடுக்கில் சொருகி மட்டமாக்கினாய். மற்ற நேரமெல்லாம் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், விளையாட்டு என்று வந்தால் ஐந்தாவது ஆளாக அந்த இடுக்குக்குப் போய்விடுவாய். "நீங்க பாட்டுக்கு எறிவீக. எகிறி எவ பல்லாவது போச்சுன்னா?" என்பாய். அந்த வகுப்பில் அப்படி ஒரு நினைப்பு வந்தது உனக்கு மட்டும்தான்.

அன்று மூன்றாம் பீரியட் டீச்சர் லீவு. அவர்களுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. பின்வரிசைக்காரிகள் முந்தின நாள் முப்பத்தொன்பது ஓட்டம் ஓட்டியிருந்தார்கள். நமக்கு நாற்பது வேண்டும். அவர்கள் எல்லோரும் எழுந்து வந்து நம்மைச் சூழ்ந்து நின்று, நாம் தப்புப் பண்ணுவதற்காகவே உரக்க எண்ணினார்கள். வகுப்பில் ஒரே சத்தம். முப்பத்தொன்பது முடிந்தது. நாடா என் கையில் இருந்தது. எறிந்தேன். இடுக்கில் அட்டை நழுவியிருந்தது. நாடா தட்டி எகிறியது. அட்டையைச் சரிசெய்ய நீ குனிந்திருந்தாய்.

ரத்தம் அதிகம் வரவில்லை. இடது கண்ணின் வெள்ளையில் ஒரு சிறிய சிவப்பு, அவ்வளவுதான். அதுதான் நம் எல்லோரையும் ஏமாற்றியது. நான் தாவணி நுனியைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி ஊதி உன் கண்ணில் ஒத்தடம் கொடுத்தேன். கண்ணில் எது விழுந்தாலும் நம் வீடுகளில் அதைத்தானே செய்வார்கள். எவ்வளவு அழுத்தினேன் என்று நினைத்தால் இப்போதும் விரல் கூசுகிறது. நீ அழவில்லை. "எரியுதுடி" என்று மட்டும் சொன்னாய்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லித் தலைமை ஆசிரியை வந்துவிட்டார். கையில் பிரம்பு. வாசலிலேயே நின்று கேட்டார், "யாருடி பண்ணது?"

நாடா அதற்குள் என் பைக்குள் போயிருந்தது. எப்போது எடுத்து வைத்தேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"யாருன்னு கேக்குறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

நீதான் எழுந்து நின்றாய், ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு. "யாரும் பண்ணல டீச்சர். நானே குனியும்போது டெஸ்க்கு முனையில இடிச்சுக்கிட்டேன்."

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் உன்னை அழைத்துக்கொண்டு போனார். போகும்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒற்றைக் கண்ணால் நீ என்னைப் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு எப்போதும் அப்படித்தான் பார்த்தாய்.

டெஸ்க் முனை என்று சொன்னதால் ஊரில் இருந்த டாக்டரும் அடிபட்ட வீக்கம் என்றே எடுத்துக்கொண்டார். சொட்டு மருந்து கொடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. மரத்தில் இடித்ததற்கு எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். மூன்றாம் நாள் காலையில் உனக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை, காய்ச்சல் வேறு. உன் அம்மா எங்கள் ஷெட்டுக்கு ஓடி வந்தார். அவர் அங்கேதான் தார் சுற்றிக்கொண்டிருந்தார், நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் ஏற்றும் வேலை. அப்பா உடனே ஒரு காரைப் பிடித்துக் கொடுத்து உங்களை மதுரைக்கு அனுப்பினார்.

மறு நாள் உன் அம்மா வந்து அப்பாவிடம் சொன்னதை நான் ஷெட் வாசலில் நின்று கேட்டேன். தறிகளுக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எக்ஸ்ரே எடுத்தாக அண்ணாச்சி. கண்ணுக்குள்ள இரும்புத் துணுக்கு இருக்காம். சீழ் வச்சிருச்சாம். மரத்துல இடிச்ச பிள்ளைக்கு இரும்பு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு டாக்டர் கேக்குறாரு. இவ டெஸ்க்குல ஆணி இருந்துச்சுங்கிறா."

"இப்ப பார்வைக்கு என்ன சொல்றாக?"

"மொத நாளே இரும்புன்னு தெரிஞ்சிருந்தா எடுத்து விட்டிருக்கலாம்ங்கிறாக. இனிமே…" உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க கார் குடுத்தீக. ஒங்கள நான் மறக்கமாட்டேன்."

எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் நான் ஷெட்டின் பின்பக்கம் போனேன். நாடாவை நான் திருப்பிப் போட்டிருந்த கழிவுக் கூடையைக் கிளறி எடுத்துப் பார்த்தேன். நசுங்கிய இரும்பு முனையில் ஒரு ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. அந்த இடம் மட்டும் புதுசாக மின்னியது. ஊரில் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் பழைய இரும்புக்காரரிடம் அந்தக் கூடை போய்விட்டது. நான் தடுக்கவில்லை.

நீ சொன்ன ஆணியைத் தேடிப் பள்ளிக்கு ஒரு ஆசாரி வந்தார். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு டெஸ்க்காகத் தடவித் தடவி, துருத்திய ஆணிகளையெல்லாம் அடித்து இறக்கினார். நம் டெஸ்க்கிடம் வந்தபோது வெகுநேரம் தேடினார். "இதுல ஒண்ணும் இல்லையே பாப்பா, எந்த எடம்னு தெரியுமா?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் ஏதோ ஒரு மூலையைக் காட்டினேன். அவர் அங்கே இருந்த நல்ல ஆணியை இன்னும் இரண்டு போடு போட்டுவிட்டுப் போனார். பள்ளியில் பாதுகாப்புக்கு அந்த வருடம் செய்த ஒரே காரியம் அது. பிள்ளைகளின் பைகளில் நாடாக்கள் இருந்துகொண்டேதான் இருந்தன.

ஒன்றரை மாதம் கழித்து நீ திரும்பி வந்தாய். இடது கை ஓரம் சுவர் இருக்கும்படி வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தாய். அந்தப் பக்கம் யாராவது இருந்தால் உனக்குத் தெரியாது என்பதற்காக என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை எப்போதும் உன் இடது பக்கம் இருந்தவள் நான். கணக்கு நோட்டில் கோட்டின் மேல் பேனாவை வைப்பதற்கு நீ தடவுவதைப் பார்க்க முடியாமல், போர்டு சரியாகத் தெரியவில்லை என்று டீச்சரிடம் சொல்லி முன்பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். கண் தெரியாமல் போனது உனக்கு. போர்டு தெரியவில்லை என்றது நான். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். "ஒனக்குப் பிடிக்குமேன்னு மொச்சக் கொழம்பு கொண்டாந்தேன்" என்றாய்.

பத்தாம் வகுப்போடு நீ அம்மாவுடன் தார் சுற்றப் போனாய். நான் மதுரையில் காலேஜ் படித்தேன். உன் கல்யாணத்துக்குப் பரீட்சை என்று சொல்லி வரவில்லை. பரீட்சை இருந்தது உண்மை. ஆனால் அது அதற்கு மறுவாரம்.

பிறகு அந்தப் பந்தல்குடி. தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த பஸ் பஞ்சராகி, இறங்கி நிற்கச் சொன்னார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய டீக்கடையில், "ஒரு டீ, சீனி கம்மியா" என்று சொன்னேன். அடுப்புப் பக்கம் நின்றவள் முழு முகத்தையும் திருப்பினாள். நீ. குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாய்.

"ஏய், டீச்சரம்மாவா? அதே குரலுடி. வேணுங்கிறதக் கேக்கும்போதுகூட அதட்டித்தான் கேப்ப."

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நீ என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டீ ஊற்றினாய். பாத்திரத்தின் மூக்கை முதலில் டம்ளரின் விளிம்பில் மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். அப்புறம்தான் சாய்த்தாய். ஒரு கண்ணில் தூரம் பிடிபடாது என்று எங்கோ படித்திருக்கிறேன். இரண்டு டம்ளருக்கும் அப்படியே தொட்டுத் தொட்டு. ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை நீ கவனித்துவிட்டாய்.

"என்ன பாக்குற? இதெல்லாம் பழகிப் போச்சு. எங்க வீட்டுக்காரர் எடது பக்கமா வந்து நின்னு பயமுறுத்துவாரு. அது ஒண்ணுதான் இன்னும் பழகல" என்று சிரித்தாய்.

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, துணியால் பெஞ்சைத் துடைத்தபடியே சொன்னாய். "நான் அன்னைக்கு ஒம்பேரச் சொல்லலைல, ஒன்னைய காப்பாத்தணும்னு மட்டும் இல்லடி. ஒங்க ஷெட்டுலதான எங்கம்மா வேல பாத்துச்சு. ஒங்கப்பா வேற ஆளப் பாத்துட்டா எங்க போறதுன்னு பயம். பதினாலு வயசுல எனக்கு அம்புட்டுத்தான் யோசிக்க முடிஞ்சுச்சு."

முப்பது வருடமாக அதை நட்பு என்று நினைத்து அதற்காகவே உன்னைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். என் அப்பாவின் ஷெட் உன் வாயை அடைத்தது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. நான் டீயைக் குடிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்டி," என்றாய். "நான் குனியும்போது, இருடி அட்டையச் சரி பண்ணிக்கிறேன்னு சொன்னேன். ஒனக்குக் கேக்கலைல?"

துடைப்பதை நிறுத்திவிட்டு நீ முழு முகத்தையும் என் பக்கம் திருப்பி வைத்திருந்தாய்.

"கேக்கலடி," என்றேன்.

"அதான். எம்புட்டுச் சத்தம் அன்னைக்கு. கேட்டிருக்காது."

பஸ்காரர் ஹாரன் அடித்தார். நீ நாலு வடையைத் தாளில் சுற்றி என் கையில் திணித்தாய். "ஒரு நா சும்மா வா. பஸ்ஸு பஞ்சரானாத்தான் வருவியா?" என்றாய். "வாரேன்" என்று சொல்லி ஏறினேன். பஸ் திரும்பும்போது நீ சிரித்துக்கொண்டு நின்றாய். என் பதிலை நம்பிச் சிரித்தாயா, நம்பியதாக இருக்கட்டும் என்று எனக்காக விட்டுக்கொடுத்துச் சிரித்தாயா என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி எத்தனை தூரம்? ஒரு டவுன் பஸ், கொஞ்ச நேரம். நான் போகவில்லை. முழுப்பரீட்சை முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் நம் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் கண்ணீர் அஞ்சலி என்று உன் போட்டோ வந்தது. சர்க்கரை ஏறிக் கிட்னி போய்விட்டதாம். போட்டோவில்கூட நீ இடது பக்கத்தை மறைத்து லேசாகத் திரும்பி நின்றிருந்தாய். எல்லோரும் கும்பிடுகிற கை படத்தைப் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

பள்ளியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, உனக்குத் தெரியாது. 'ஆணி டீச்சர்'. ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த அன்று டெஸ்க்குகளை அடியிலும் ஓரத்திலும் தடவிப் பார்ப்பேன். பிள்ளைகள் சிரிக்கும். கூட வேலை பார்ப்பவர்கள், "இந்த வருசம் எத்தனை ஆணி டீச்சர்?" என்று கேட்பார்கள். ஆணியால் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆனாலும் தடவுகிறேன். நீ எனக்காகச் சொன்ன பொய்யை அந்த அளவுக்காவது நிஜமாக்க வேண்டும் என்றிருக்கிறதோ என்னவோ.

இனி இன்று நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து எட்டாம் வகுப்புக்குப் போனால், நடு வரிசையில் மகாலட்சுமி என்கிற பெண் நெற்றியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விரல் இடுக்கில் ரத்தம். நான் கேட்பதற்கு முன்பே நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

"டெஸ்க்குல இடிச்சுக்கிட்டா டீச்சர்."

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அதன் ஒவ்வொரு சொல்லும் தெரியும். எனக்குப் பின்னாலேயே தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். "யாரு செஞ்சது? எந்திரி" என்றார். எல்லாத் தலையும் குனிந்தது.

"ஸார், ஒரு நிமிசம்," என்றேன். பிள்ளைகளிடம் திரும்பினேன். "யாருன்னு நான் கேக்கல. எனக்கு அது வேண்டாம். எது பட்டுச்சு? அத மட்டும் சொல்லுங்க. டாக்டர்கிட்டச் சொல்லணும்."

பிறகு ஜன்னல் ஓரம் இருந்த பவித்ரா பையைத் திறந்து இந்த நாடாவை எடுத்து மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அவள் அப்பா தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குத் தறி ஓட்டப் போகிறவர். இவர்களுக்குத் தறி விளையாட்டெல்லாம் தெரியாது. கேட்ச் பிடித்து விளையாடியிருக்கிறார்கள்.

"கொஞ்சம் ஐஸ் வச்சாச் சரியாப் போகும் டீச்சர், எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் ஸார். இரும்பு முனை ஸார் என்றேன். மகாலட்சுமியைக் கிளப்பினேன். யாரையும் கண்ணைத் தொட விடவில்லை, ஒத்தடம் கொடுக்க விடவில்லை. ஆட்டோ வந்ததும் பவித்ரா ஓடி வந்து, "நானும் வாரேன் டீச்சர்" என்று ஏறிக்கொண்டாள். ஏறச் சொல்லவும் இல்லை, இறங்கச் சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மாவிடம் நாடாவையே காட்டினேன். அவர் முனையைப் பார்த்தார். சில்லு ஏதும் பெயரவில்லை என்று நானும் பார்த்திருந்தேன். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், படமும் எடுக்கச் சொன்னார். கண்ணில் ஒன்றுமில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு தையல். "எது பட்டுச்சுன்னு நேரா சொல்லிட்டீங்க. பாதிப் பேரு கீழ விழுந்தான்னுதான் கூட்டிட்டு வாராங்க" என்றார்.

மருந்து வாங்கிக்கொண்டு வரும்போது பெஞ்சில் இரண்டு பிள்ளைகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"நான்தான்டி எறிஞ்சேன்."

"தெரியும். பாத்தேன்ல."

"பாத்தியா? பொறவு ஏண்டி டெஸ்க்குன்னு சொல்லச் சொன்ன?"

"சொன்னா நாளைக்கு நீ எங்கூடப் பேசமாட்ட."

"லூசு. வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யும். இரும்பு."

"நீ பிடிப்பேன்னு நெனச்சேன்டி. சத்தியமா."

"பிடிக்கல. அந்தப் பிஸ்கட்டக் குடு."

அவ்வளவுதான். ஆளுக்குப் பாதியாக ஒடித்துத் தின்றார்கள். நான் இத்தனை வருடத்தில் சொல்லாததை அந்தப் பிள்ளை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

பள்ளிக்குத் திரும்பி, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்குப் பவித்ராவின் அப்பாவை வரச்சொல்லி இந்த நாடாவைக் கொடுக்க வேண்டும். திட்டுவதற்கு இல்லை. ஒதுக்கிய நாடாவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்வதற்கு.

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். 'வகுப்பில் ஒரே சத்தம்' என்று எழுதியிருக்கிறேன். பார்த்தாயா, உனக்கு எழுதும்போதுகூட. சத்தம் முப்பத்தொன்பது வரைக்கும்தான் இருந்தது. முப்பத்தொன்பது என்று எண்ணியதும் பின்வரிசைக்காரிகள் வாயை மூடிக்கொண்டார்கள். நம் பக்கமும் யாரும் கத்தவில்லை. நாற்பதாவது ஓட்டத்துக்காக வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கரைந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. அந்த அமைதியில்தான் நீ குனிந்தாய்.

நிறுத்தினால் எண்ணிக்கை போய்விடும், பின்வரிசைக்காரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். நான் எறிவதைப் பார்த்துத் தலையை எடுத்துவிடுவாய் என்று நினைத்தேன். கொஞ்சம் வேகமாகவே எறிந்தேன். கோபம் ஒன்றும் இல்லை. நாற்பது வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அறையில் நீயும் இருந்தாய். அந்த அமைதி உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, "எம்புட்டுச் சத்தம் அன்னைக்கு" என்று டெஸ்க் முனையைப் போல, ஆணியைப் போல, மூன்றாவதாக ஒரு பொய்யை எனக்கு நீயே எடுத்து நீட்டினாய். நான் அதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வடை அப்போதும் சூடாக இருந்தது.

நீ 'இருடி' என்றாய்.

எனக்குக் கேட்டுச்சுடி.